இல்லாத பிரேக்

பழைய காலத்தைப் பிரியமாக நினைப்பது ஒன்று. அதை உண்மையாக நினைப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியல்ல என்று எனக்கு உணர்த்தியது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு மாதிரிக் கூட்ஸ் வேகன்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில், டெர்பி நகரத்தில், உறவினர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். டெர்பி ரயில்வேக்காரர்களின் ஊர். பழைய மிட்லண்ட் ரயில்வேயின் தலைமையிடமும் பட்டறைகளும் அங்கேதான் இருந்தன. அடுத்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாடியறை முழுவதும் மாதிரி ரயில் பாதை அமைத்திருந்தார். நிஜத்தில் ஓர் அடி என்றால் அவருடைய உலகத்தில் அது 4 மில்லிமீட்டர்.

நான் போனபோது அவர் ஒரு நிலக்கரி வேகனைச் செய்துகொண்டிருந்தார். கடையில் பெட்டியாக வாங்கிய பிளாஸ்டிக் பாகங்கள். அப்படியே ஒட்டினால் 1923-ம் வருஷத்து விதிமுறைப்படி கட்டிய வேகன் வந்துவிடும். ஆனால் அவருடைய மாடியில் நடப்பதோ 1905-ம் வருஷம்! ஆகவே புதுசைப் பழசாக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் விடும் அச்சுப் பெட்டிகளை நீக்கிவிட்டு, கிரீஸ் வைக்கும் பழைய பெட்டிகளை ஒட்டினார். பிறகு ஒரு கத்தியால், ஒரு பக்கத்து பிரேக்கையும் அதன் நீண்ட கைப்பிடியையும் சீவி எறிந்தார்.

"நன்றாகத்தானே இருந்தது?" என்றேன்.

"அந்தக் காலத்தில் எத்தனையோ வேகன்களுக்கு ஒரு பக்கம்தான் பிரேக்" என்றார் அவர்.

அதன் பொருளையும் அவரே விளக்கினார். யார்டில் வேகன்களைத் தனித்தனியாக உருட்டிவிடுவார்கள். ஓர் ஆள் கூடவே ஓடி, கைப்பிடியைக் கட்டையால் அமுக்கி நிறுத்த வேண்டும். கைப்பிடி மறுபக்கம் இருந்துவிட்டால், அவன் வேகன்களுக்கு இடையே புகுந்தோ குறுக்கே பாய்ந்தோதான் போக வேண்டும். கால் இடறினால் தீர்ந்தது. பிரிட்டிஷ் ரயில்வேக்களில் அந்நாளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் செத்தார்கள். விபத்துத் தடுப்புச் சட்டம் 1900-ல் வந்தது. வேகனின் இரு பக்கமும் பிரேக் கைப்பிடி வேண்டும் என்ற விதி பிறக்க 1911 ஆயிற்று. பழைய வேகன்களை மாற்றுவதற்கோ இன்னும் பல வருஷ அவகாசம்.

அப்படியானால் அவர் சீவி எறிந்தது வெறும் பிளாஸ்டிக் அல்ல. பல உயிர்களைக் கொடுத்து வாங்கிய ஒரு பாதுகாப்பு.

நான் விடவில்லை. "அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்? உங்கள் தண்டவாளத்தின் அகலமே 16.5 மில்லிமீட்டர், கணக்குப்படி கிட்டத்தட்ட 19 இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தப் பொய்யைப் பொறுத்தவர் இதைப் பொறுக்கக்கூடாதா?"

அவர் கோபிக்கவில்லை. "அகலத்தில் வந்தது குறை, அதனால் யாருக்கும் அநியாயம் இல்லை. இந்த பிரேக்கை விட்டுவைத்தால், அந்த மனிதர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இருந்தது என்று சொல்கிறேன். அது அவர்களைப் பற்றிய பொய்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நாவல் ஒன்றில், என் தாத்தாவை மனத்தில் வைத்து ஒரு பண்ணையாரைப் படைத்திருந்தேன். அவர் வீட்டுக்குப் பண்ணையாள் முன்வாசல் வழியாக வருவான். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பான். படித்தவர்கள் உருகினார்கள். நிஜத்தில் என் தாத்தா வீட்டில் பண்ணையாள் கொல்லைப்புறத்தில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நின்றான். மேலிருந்து ஊற்றிய மோரைக் கையேந்திக் குடித்தான். நான் அதைக் கண்ணால் கண்டவன். தாத்தாவின் பேரில் உள்ள பிரியத்தால் அவருக்கு இல்லாத கருணையை ஒட்டவைத்தேன். மனிதாபிமானம் என்று அதற்குப் பெயரும் சூட்டிக்கொண்டேன். அதனால் நஷ்டப்பட்டவன் யார்? பத்தடி தள்ளி நின்றவன்தான். அவன் நின்ற நிற்பையே நான் அழித்துவிட்டேன்.

முன்னோரை இகழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் தம் வேகனை எவ்வளவு ஆசையாக வர்ணம் பூசினார் என்பதைப் பார்த்தவன் நான். ஆனால் பிரியம் இருக்கிறது என்பதற்காக, இல்லாததை இருந்ததாகக் காட்ட அவர் ஒப்பவில்லை. நேசிப்பவனுக்குத்தான் அந்தக் கடமை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஊர் திரும்பியபின், மறுபதிப்பில் அந்த இடத்தைத் திருத்தினேன். மூன்றே வாக்கியங்கள். பண்ணையாள் கொல்லைப்புறத்துக்குப் போனான். "அருமையான பாத்திரத்தைக் கெடுத்துவிட்டீர்களே!" என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதினார். அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. இதையே பதிலாக வைத்துக்கொள்ளட்டும்.