பங்காளிப் பகை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு வேலைக்கு வரும் எவரிடமும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "அலபாமாவா, ஆபர்னா?" இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். கேட்பவர் இரண்டிலும் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கேள்வி படிப்பைப் பற்றியதும் இல்லை, கால்பந்தைப் பற்றியது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதி விழும் அமெரிக்கக் கால்பந்து. ஹன்ட்ஸ்வில் நகரில் மென்பொருள் வேலையில் இருந்த நாலு வருஷமும் "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

தூரத்து மாநிலத்து அணியிடம் தோற்றால் இவர்களுக்கு வருத்தம். பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்றால் அடுத்த ஒரு வருஷத்துக்கு அவமானம். ஒரே சர்ச்சில் பக்கத்து இருக்கையில் உட்காருபவன், ஒரே மளிகைக் கடையில் வரிசையில் நிற்பவன், சில வீடுகளில் சொந்த மச்சான். இவ்வளவு நெருக்கத்தில் இருப்பவன்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? அந்த வெறுப்பு தவறா? அங்கே இருந்தவரை இந்த இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை.

சண்டையின் வரலாறு பாதி சிரிப்பு. முதல் ஆட்டம் 1893 பிப்ரவரியில் பர்மிங்காமில் நடந்தது. ஆபர்ன் 32-22 என்று வென்றது. அது 1892 பருவத்தின் கடைசி ஆட்டம் என்று அலபாமாவும், 1893 பருவத்தின் முதல் ஆட்டம் என்று ஆபர்னும் கணக்கு வைத்தன. 1907-க்குப் பிறகு ஆட்டமே நின்றுபோனது. எத்தனை வீரர்களை அழைத்து வரலாம், தினப்படி மூன்று டாலரா மூன்றரை டாலரா, நடுவர் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் தகராறு. அதற்காக 41 ஆண்டுகள் விளையாடவில்லை. 1947-ல் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1948-ல் மாணவர் தலைவர்கள் பர்மிங்காம் பூங்கா ஒன்றில் ஒரு கைக்கோடரியைக் குழிதோண்டிப் புதைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். அடுத்து நடந்த ஆட்டத்தில் அலபாமா 55-0 என்று ஆபர்னை அடித்துத் துவைத்தது.

உளவியலில் இதற்கு ஒரு தயார் விளக்கம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். "நீ பால் க்ளேயின் ஓவியத்தை விரும்புகிறவன், நீ காண்டின்ஸ்கியை விரும்புகிறவன்" என்று சொன்னாலும், உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். பிறகு ஆளாளுக்குக் காசு ஒதுக்கச் சொன்னார். பல பையன்கள் தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்று ஒதுக்கினார்கள். ஒரு பெயர்ப்பலகை போதும், நாம் பிரிந்துவிடுவோம்.

எனக்கு இது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. பிரிஸ்டல் பையன்களின் பிரிவினை சோதனைக்கூடத்தில் உண்டாக்கப்பட்டது. அலபாமாவில் நடப்பது தலைமுறை தாண்டி ஓடுகிறது. அங்கே பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு சொத்து இருக்கிறது.

டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் 1831-ல் திறக்கப்பட்டது. 1862-ல் அமெரிக்க அரசு வேளாண்மைக்கும் பொறியியலுக்கும் கல்லூரிகள் தொடங்க மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கிச் சட்டம் போட்டது. அந்தக் கல்லூரி தனக்கே வர வேண்டும் என்று டஸ்கலூசா விரும்பியது. 1872-ல் அது ஆபர்னுக்குப் போனது. அன்றிலிருந்து ஒரே சட்டமன்றத்தின் ஒரே கஜானாவை நோக்கி இரண்டு கைகள் நீள்கின்றன. ஒரு பக்கம் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் என்ற பிம்பமும் சேர்ந்துகொண்டது. அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையன்ட் ஆபர்னை 'மாட்டுக் கல்லூரி' என்றே கிண்டல் செய்தார். மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. பெருமைப்பட இருப்பது இந்த ஒரு ஆட்டம்தான். அதையும் பங்கு போட்டாக வேண்டும்.

தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: பங்காளி. பங்கு உள்ளவன். வரப்புத் தகராறு அடுத்த மாவட்டத்துக்காரனோடு வருவதில்லை. வரப்பின் அந்தப் பக்கம் நிற்பவனோடுதான் வரும். அவனுக்கும் இந்த மண்ணில் பாத்தியதை உண்டு என்று உள்ளூர ஒப்புக்கொண்டதால்தான் சண்டையே. பங்காளியைத் திட்டுவதற்குள் ஒரு அங்கீகாரம் ஒளிந்திருக்கிறது.

அந்த அங்கீகாரம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே ஓர் உதாரணம் உண்டு. ஆபர்ன் வென்றால் ஊர் முனையில் இருக்கும் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களின்மேல் கழிப்பறைக் காகிதச் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். 2010-ல் 24-0 என்று பின்தங்கி இருந்த ஆபர்ன் 28-27 என்று வென்றது. அதற்குப் பிறகு ஹார்வி அப்டைக் என்ற அலபாமா ரசிகர் அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லி ஊற்றினார். வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன் போட்டு அதைப் பெருமையாகவும் சொன்னார். அவர் அலபாமாவில் படித்தவர் இல்லை. ஆனால் மகளுக்குக் கிரிம்சன் டைட் என்று அணியின் பெயரையே வைத்தவர். அவர் சிறைக்குப் போனார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013-ல் வெட்டப்பட்டன.

கவனிக்க வேண்டியது மற்ற அலபாமா ரசிகர்கள் செய்தது. அவர்களில் ஒரு பகுதியினர் அந்த மரங்களைக் காப்பாற்றப் பணம் திரட்டினார்கள். 2011 ஏப்ரல் 27 அன்று சூறாவளிகள் அந்த மாநிலத்தில் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று டஸ்கலூசாவைப் பிய்த்துப் போட்டபோது, நிவாரணப் பொருட்களைத் திரட்டி அனுப்பியவர்களில் ஆபர்ன் ரசிகர்கள் முன்னணியில் இருந்தார்கள். அடுத்த நவம்பரில் மறுபடியும் திட்டிக்கொண்டார்கள். இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவன் தோற்க வேண்டும் என்று நினைக்கலாம். அவன் இருக்கவே கூடாது என்று நினைக்கும் இடத்தில்தான் கோடு விழுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் மனசுக்கு இதமான முடிவு. ஆனால் ஆபர்னிலிருந்து சுமார் 20 மைலில் டஸ்கீகி இருக்கிறது. 1881-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. 1920-களில் கறுப்பினக் கல்லூரிகளுக்குள் தேசியப் பட்டங்கள் வென்ற கால்பந்து அணி அதனுடையது. தூரம்தான் காரணம் என்றால் ஆபர்னின் முதல் பகையாளி டஸ்கீகியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வெள்ளையர் கல்லூரிகள் அந்தக் காலத்தில் அவர்களோடு களத்தில் இறங்கவே இல்லை. அரை டாலர் தினப்படிக்காக முகம் திருப்பிக்கொண்ட இரண்டு வீடுகளும் ஒரு விஷயத்தில் மட்டும் முழு ஒற்றுமையாக இருந்தன. டஸ்கலூசாவில் 1963-ல் கறுப்பின மாணவர்கள் இருவர் சேர வந்தபோது ஆளுநர் வாலஸ் வாசலில் நின்று மறித்தார். ஆபர்ன் தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1964-ல்தான்.

பகைக்கும் ஒரு தகுதி கேட்கிறார்கள். வெறுக்கப்படுவதைவிடக் கொடுமை, வெறுக்கும் அளவுக்குக்கூடக் கணக்கில் எடுக்கப்படாமல் இருப்பது. பங்காளிகள் போடும் கூச்சலில் பங்கே கொடுக்கப்படாதவனின் குரல் கேட்காமல் போகிறது. இந்த வெறுப்பில் எனக்கு உண்மையாகவே உறுத்துவது இதுதான். கடல் தாண்டி வந்த எங்களிடம்கூட முதல் வாரத்திலேயே "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். 20 மைலில் இருந்தவர்களிடம் தலைமுறைக் கணக்கில் கேட்கவில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பில் ஆபர்ன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். காரணம், யானையைவிடப் புலி பிடிக்கும். அவளுடைய நெருங்கிய தோழி அலபாமா. ஒருநாள், "அப்பா, அவளைத் திட்டலாமா?" என்று கேட்டாள். ஆட்டம் முடியும்வரை திட்டிக்கோ, அப்புறம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடு என்றேன். இன்னொன்றும் சொன்னேன். ரெண்டு கட்சியிலும் சேர்க்காம யாராவது ஓரமா நின்னா, முதல்ல அவங்ககிட்ட போய், நீ எந்தப் பக்கம்னு கேளு.