வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தாதீர்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.



நம் ஜமாஅத்தில் மளிகைக் கடை, ஜவுளிக் கடை, செல்போன் கடை, டீக்கடை வைத்திருப்பவர்கள் பலர். இந்த ஜும்ஆவின் பேச்சு உங்கள் கடை வாசலைப் பற்றியது.

சக்கர நாற்காலியில் ஒருவர் கடை முன் வந்து நின்றால், கல்லாவில் இருப்பவரின் கை எங்கே போகிறது? பல இடங்களில் சில்லறையை நோக்கித்தான் போகிறது. அவர் கேட்க வந்தவர் அல்லர், வாங்க வந்தவர்! ஸதகா பெரும் நன்மை. ஆனால் பொருள் வாங்க வந்தவர் கையில் அதைத் திணிப்பது அவருடைய கண்ணியத்தைக் காயப்படுத்தும். ஆதமுடைய மக்கள் அனைவரையும் கண்ணியப்படுத்தியிருப்பதாக அல்லாஹ் ஸூரா பனீ இஸ்ராயீலில் அறிவிக்கிறான்.

ஸூரா அபஸ இறங்கிய நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்தார்கள். முக்கியமான பேச்சு தடைப்படுகிறதே என்று நபியவர்களின் முகம் சுளித்தது. அந்தத் தோழருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் அல்லாஹ் தன் தூதருக்கே அதைச் சுட்டிக்காட்டி வசனம் இறக்கினான். பிற்காலத்தில் மதீனாவில் அதே தோழர் முஅத்தினாக இருந்தார்கள்.

அப்படியானால், பெரிய வியாபாரம் செய்பவரைக் கவனித்துக்கொண்டு, ஓரமாகக் காத்து நிற்கும் பார்வையற்றவரைக் கண்டும் காணாமல் விடுகிறோமே, நம் நிலை என்ன?

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்குப் பார்வை குன்றியது. மழை பெய்தால் வழியில் வெள்ளம் ஓடும். பள்ளிக்கு வர முடியாது. தம் வீட்டுக்கு வந்து தொழும்படி அழைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தேடிச் சென்றார்கள். எந்த இடத்தில் நான் தொழ வேண்டும் என விரும்புகிறீர் என்று அவரிடமே கேட்டார்கள். நமக்கு இதில் இரண்டு பாடங்கள். வர முடியாதவரிடம் நாம் போக வேண்டும். அவருக்கு என்ன தேவை என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

வியாபாரிகளே! உங்களால் இன்றே முடிந்தவை இவை.

வாசலில் அடுக்கிய மூட்டைகளையும் பெட்டிகளையும் ஒதுக்குங்கள். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளை அல்லவா?

சாய்தளம் கட்டினால் 1:12 என்ற அளவில் கட்டுங்கள். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் தேவை. செங்குத்தாகப் போட்டால் ஆள் விழுவார். அது பொதுப்பாதையையும் அடைக்கக் கூடாது. இடமில்லையா? எடுத்து வைக்கும் பலகை ஒன்று வாங்குங்கள். உட்கார்ந்தவர் கைக்கு எட்டும்படி ஒரு மணி பொருத்துங்கள். மணி கேட்டதும் எழுந்து வெளியே போங்கள்.

பார்வையற்றவர் உங்கள் தராசைப் பார்க்க முடியாது. எடையையும் விலையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை ஒவ்வொரு நோட்டாகச் சொல்லி எண்ணிக் கொடுங்கள். எடையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று ஸூரா முதஃப்ஃபிஃபீன் எச்சரிக்கிறது. அவர் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான்.

காது கேளாதவரிடம் கத்த வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், தொகையைக் கால்குலேட்டரில் காட்டுங்கள். துணைக்கு வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள். குறையைச் சொல்லி யாரையும் அழைக்காதீர்கள்.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களின் உரிமைக்கென 2016இல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. சட்டத்திற்கு அஞ்சி அல்ல, நாளை மறுமையில் அந்த அடியார் நம்மைப் பற்றி முறையிடக் கூடாதே என்று அஞ்சிச் செய்வோம்.

தொழுதுவிட்டுக் கடை திறக்கும்போது, உள்ளே போகுமுன் ஒரு நிமிடம் உங்கள் படியைப் பாருங்கள். முதுமை வந்தால் அந்தப் படியில் நமக்கும் கால் ஏறாது.

பலவீனர்களின் கண்ணியம் காக்கும் வியாபாரிகளாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.