எதிர்மலையில் நிற்பவன்

ஜப்பானில் நகானோ பகுதியில் ஷிமாகாரே என்றொரு மலை. 2403 மீட்டர் உயரம். பெயருக்குக் கோடுகோடாய்ப் பட்டுப்போன மலை என்று பொருள் சொல்லலாம். எதிரிலிருந்து எடுத்த புகைப்படங்களில் கரும்பச்சைக் காட்டின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டைகள் ஓடுகின்றன. நின்றபடியே செத்த ஃபிர் மரங்கள். அமெரிக்காவின் ஒயிட்ஃபேஸ் மலையிலும் இப்படித்தான். அங்கே மேப்பிளும் பீச்சும் குளிருக்கு அஞ்சிக் கீழேயே நின்றுவிட, உச்சிக்கருகே ஃபிர் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

பக்கத்து மரத்தின் மறைவில் வளர்ந்த ஃபிர், திடீரெனக் காற்றுக்குத் திறந்துவிடப்பட்டால் தாங்குவதில்லை. குளிர்காலத்தில் மேகத்தின் துளிகள் ஊசியிலைகளில் மோதி உறைகின்றன. கிளைகள் ஒடிகின்றன, ஊசிகள் உதிர்கின்றன. கோடையிலும் குளிர்காற்று விடுவதில்லை. முன் வரிசை இதையெல்லாம் வாங்கிக்கொள்வதால் பின் வரிசை பிழைக்கிறது. முன்னது பட்டதும் பின்னது முன் வரிசையாகிறது. இப்படிச் சாவு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் வீதம் காற்றின் திசையில் நகர்கிறது. செத்தவற்றினடியில் விழும் வெளிச்சத்தில் கன்றுகள் அடர்ந்து எழும்புகின்றன. சுமார் 60 வருஷத்தில் அடுத்த அலை அவற்றிடம் வரும்.

அமெரிக்கக் காடுகளை ஆராய்ந்த ஸ்ப்ருகலும் போர்மனும் 1981இல், அலைகள் ஓயாமல் நகர்ந்தாலும் மொத்தத்தில் காடு மாறா நிலையில் இருக்கிறது என்று வாதித்தார்கள். விஞ்ஞானமாக இதில் எனக்குப் பிணக்கில்லை. இதையே மனிதர்மேல் ஏற்றும்போதுதான் சங்கடம். தனிமனிதன் போகலாம், சமூகம் நிற்கும். ஒரு தலைமுறை அழிந்தாலும் சரித்திரத்துக்கு நஷ்டமில்லை. (இடதுசாரி, வலதுசாரி இரண்டு மேடைகளிலும் கேட்கிற குரல் இது.) கணக்கு சரிதான். கூட்டிப் பார்ப்பவன் எதிர்மலையில் நிற்கிறான். பட்டைக்குள் நிற்பதற்கு அலை என்ற வடிவமே தெரியாது, காற்றுதான் தெரியும்.

தியாகம் என்பது இன்னொரு மோசடி. முன் வரிசை மரம் யாரையும் காக்க நினைக்கவில்லை. விளிம்பில் அகப்பட்டது, அவ்வளவே. பின்னதற்குக் கடனும் இல்லை. ஆனால், தன்மேல் காற்றுப் படாததற்குக் காரணம் முன்னால் நிற்பவன் என்று தெரிந்த பிராணி ஒன்று உண்டே? தெரிந்த பிறகு அவன் எதிர்மலைக்குப் போய் நின்றுகொண்டு மொத்தத்தைப் பேசுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? தவிரவும், நம்மிடையே விளிம்பைக் காற்று தீர்மானிப்பதில்லை. சுரங்கத்திலும் சாக்கடைக் குழியிலும் இறங்குகிறவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஷிமாகாரேயின் அலையில் எந்த மரத்தையும் யாரும் அப்படி நட்டதில்லை.