மறைந்து நிற்கும் உபகாரம்

சேத்தியாத்தோப்பில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நகர்கின்றன. அதே ஊரில், காலையில் வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கக் காத்திருப்போரும் உண்டு. இனிப்பு வந்ததை நம்முள் அறிவது எது என்பது இங்கே வெறும் சாஸ்திர விசாரமன்று.

நா கொணர்ந்த சுவையை ஆன்மா அனுபவிக்கிறது என்பதில் சைவ சித்தாந்திக்கு ஐயமில்லை. ஆனால், கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் நம்மைக் கேளாமலே இன்சுலினைச் சுரக்கின்றனவே, அங்கே அறிபவர் யார்? குளுக்கோஸ் உள்ளே எரிந்ததும் பொட்டாசியக் கால்வாய்கள் அடைபட, கால்சியம் புகுந்து இன்சுலினை வெளியேற்றுவது பெருவழி. நுண்வழியும் ஒன்று உண்டு: உண்ணத் தொடங்கும்போதே வேகஸ் நரம்பின் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் உயிரணுவைப் புறத்தே தொட, அதன் சவ்வின் உட்பக்கத்தில் மிகச் சிறிதளவே உள்ள பாஸ்போஇனோசிடைடு என்னும் கொழுப்பு இரண்டாகப் பிளந்து, ஒரு கூறு உள்ளே சென்று சேமிப்பிலுள்ள கால்சியத்தைத் திறந்துவிட, மற்றது சவ்விலேயே தங்கிச் சுரப்பை ஊக்குகிறது, பிளந்த கொழுப்பு மீண்டும் ஆக்கப்படுகிறது. இவ்வகைச் செய்தி முறையின் முதல் தடயத்தை ஆய்வாளர்களான ஹோக்கின் தம்பதியர் 1953-இல் கண்டது புறாவின் கணையத் துண்டுகளில்.

சவ்வே அறியுமாயின் ஆன்மா எதற்கு என்பாரும் உளர். நம் தென்னார்க்காட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலுக்கும் பொறிகளுக்கும் வேறாக ஆன்மா உண்டென நிறுவினார். அந்நெறியில் நோக்கினால், பிளந்த கொழுப்புக்கு இனிமையுமில்லை, பசி தீர்ந்த நிறைவுமில்லை, அது கருவியே. ஆயினும் அக்கருவியை ஆன்மா ஏவவில்லை என்பதுதான் என்னை நெடுநாள் நிறுத்திவைத்த இடம். ஏவாமலே நடக்கும் இக்காரியத்தைத் திரோதான சக்தியின், அதாவது இறைவனின் மறைப்பாற்றலின், பாற்பட்டதாகவே கருதுகிறேன். மறைத்தலை ஐந்தொழிலுள் ஒன்றாக வைத்து, ஆன்மா உலகானுபவத்தில் ஈடுபட்டு, மலம் நீங்கத்தக்க பக்குவமாகிய மலபரிபாகம் எய்தும் பொருட்டு இறைவன் செய்யும் அருளே அது என்றனர் சித்தாந்திகள். நம்மில் பலரோ அதைத் தண்டனைபோல எண்ணுகிறோம்.

அந்த மறைப்பு நீங்கினால் என்னாகும் என்பதை, முதல் வகை நீரிழிவால் பீட்டா உயிரணுக்களை இழந்த பிள்ளையின் தாய் அறிவாள். தட்டில் இட்லி எத்தனை, அதற்கு எத்தனை யூனிட், பிள்ளை விளையாட ஓடுமோ, நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று, பிறர் உடலில் அவர்தம் ஆன்மாவும் அறியாமல் நடந்தேறும் கணக்கையெல்லாம், வேளைதோறும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் விழித்திருந்து போடுகிறாள்.