குடியேறியோர் கடன்

போரும் இடப்பெயர்ச்சியும் ஒரு மக்களின் தன்னுணர்வை உருவாக்கும் என்பது வரலாறு காட்டும் உண்மையாகும். 1783-இல் அமெரிக்க விடுதலைப் போர் முடிவுற்றதும், பிரித்தானிய முடியிடம் பற்றுடைய பல்லாயிரவர் வடக்கே சென்று கனடாவில் குடியேறினர். உடைமை இழந்தோர் என்னும் நினைவே அவர்தம் பெருமையாயிற்று. அவர்கள் பெற்ற நிலம் அங்குள்ள தொல்குடிகளுடையது என்பதை அப்பெருமை மறைத்துவிட்டது.

நமக்கும் அத்தகைய நினைவுகள் உண்டு. 1942-இல் சப்பானியப் படை பர்மாவுள் புகுந்தபோது, காடும் மலையும் கடந்து நடந்தே மீண்ட தமிழர் பலர். வறுமை துரத்த வந்து தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்த நெல்லைச் சீமையினரும் நம்மவரே. ஆயின், துன்புற்றோம் என்பதனாலேயே நாம் அறவோர் ஆகிவிடுவோமா?

வாஷியில் வாழும் நாம் நம் காலடி மண்ணை நோக்குதல் வேண்டும். 1970-இல் சிட்கோ நிறுவப்பெற்றது. புதுநகருக்கென ஆக்ரி, கோளி மக்களின் வயல்களும் உப்பளங்களும் கையகப்படுத்தப்பட்டன. உரிய ஈடு வேண்டி 1984-இல் உரண் வட்டத்து ஜாசையில் போராடிய உழவர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது; ஐவர் மாண்டனர்.

அந்நிலத்தை நாம் பறித்தோமல்லோம். எனினும் அதன் பயனைத் துய்க்கின்றோம். துய்ப்போர்க்கு நன்றியறிதல் கடனாகும். இழந்தவனே பிறர் இழப்பை எளிதில் உணர வல்லவன். நம் மக்கட்குத் தாமிரபரணியின் கதையைக் கூறும்போது, இவ்வூர் வயல்களின் கதையையும் உடன் கூறுவோமாக.