உழாது பெறும் உணவும் அதன் அறமும்

உழாது விளைந்த பொருளில் கொள்வோர்க்குரிய எல்லை யாது என்பது ஆராயத்தக்க அறவினா ஆகும். புறநானூற்று 109ஆம் பாடலில் கபிலர், பறம்பின் உழவில்லா விளைவுகளாக மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கினைச் சுட்டுகிறார். இவற்றுள் கனியைக் கொள்வதும் கிழங்கை அகழ்வதும் ஒரு தன்மையன அல்ல. கனி கொண்டபின்னும் மரம் நிற்கும். கிழங்கு அகழ்ந்தால் கொடியே அழியக்கூடும். எனவே, அகழ்வோர் கொடியின் தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்துவிடும் வழக்கம் பழங்குடியினரிடையே உண்டு.

நடு இந்தியக் காடுகளில் கோடைத் தொடக்கத்தில் கோண்டு மக்கள் பொறுக்கும் இலுப்பைப்பூவோ தானே உதிர்வது. ஆயினும், பூ எளிதில் புலப்படுதற்பொருட்டு மரத்தடிச் சருகை எரிக்குங்கால் இளநாற்றுகள் கருகுகின்றன. ஆகவே உதிர்ந்ததைக் கொள்வதும் முற்றிலும் தீங்கற்றதன்று.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள்மீது காடுவாழ் மக்களுக்குள்ள உரிமையை ஏற்றது. அவ்வுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதியாகும். எனினும், அடுத்த கோடைக்கு எஞ்சவிடும் அளவே அவ்வுரிமையை அறமாக்குகிறது எனலாம்.