கைக்கு வந்த சீட்டு

திருத்தணி மலைப்படியில் இளைப்பாற உட்காரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அது எப்படியும் ஓரிடத்தில் வந்து நிற்கும். மகனுக்கு வேலை போயிருக்கலாம், மகள் கல்யாணம் தட்டிப்போயிருக்கலாம். தமிழ்க்காரர் தலையெழுத்து என்பார்; தெலுங்குக்காரர் தலராத என்பார். எல்லை ஊரில் இரண்டும் ஒரே படியில் காதில் விழும்.

தன் கஷ்டத்தைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. ஆறுதல் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளட்டும். அதையே அடுத்தவர் துக்கத்தின் முன் நின்று சொல்வதுதான் உறுத்துகிறது. எங்கள் உறவில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாகக் காரணம் சொன்னார்கள்: விதி, போன பிறவி, பூர்வ பாக்கி. அவள் யாரிடமும் காரணம் கேட்டிருக்கவில்லை.

இந்த விதிப் பேச்சுக்கு ஒரு நல்ல பதிலைச் சொன்னவர் இதே ஊரில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆசிரியர் தினத்தன்று மாலை போட்டு நினைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எழுதியதைப் படிப்பவர் குறைவு. 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைகள் மறுவருடம் ‘தி ஹிந்து வியூ ஆஃப் லைஃப்’ என்று நூலாயின. அதில் கர்மத்தைச் சீட்டாட்டத்தால் விளக்குகிறார். கைக்கு வரும் சீட்டு நம் விருப்பப்படி வருவதில்லை. ஆடுவது நம் கையில் இருக்கிறது. விதியை நம்புகிற ஒரு மரபுக்குள் இருந்துகொண்டே மனிதனின் சுதந்திரத்துக்கு அவர் இடம் பிடித்துவிட்டார்.

அதே 1927இல் ஜெர்மனியில் ஹைடெக்கரின் ‘இருத்தலும் காலமும்’ வெளியானது. தான் தேர்ந்தெடுக்காத உலகத்துக்குள் எறியப்பட்டவன் மனிதன், அங்கிருந்துதான் அவன் தன் வாழ்வைத் தேர்ந்தாக வேண்டும் என்றது அந்த நூல். இருத்தலியல் உளவியல் இந்த ஊற்றிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டது.

அதில் நம்மவர்களுக்கு அதிகம் தெரிந்த பெயர் விக்டர் ஃபிராங்கல். வியன்னாவின் யூத மருத்துவர். நாஜி முகாம்களில் தாய், தந்தை, அண்ணன், மனைவி எல்லோரையும் இழந்து, தப்பி வந்து 1946இல் புத்தகம் எழுதினார். எதைப் பறித்தாலும், நேர்ந்ததை எப்படி எதிர்கொள்வது என்கிற தேர்வை மனிதனிடமிருந்து பறிக்க முடியாது என்றார். மேடைப் பேச்சாளர்கள் இத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பத்தை முதலில் தவிர்க்கத்தான் வேண்டும், வீணாகத் தாங்குவது வீரமல்ல என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதை விட்டுவிட்டால் ஃபிராங்கலும் இன்னொரு தலையெழுத்துக்காரர் ஆகிவிடுவார்.

சீட்டாட்ட விளக்கத்திலும் இந்த ஓட்டை உண்டு. சீட்டைப் போட்டவர் யார், ஏன் சிலருக்கே தொடர்ந்து மோசமான கை வருகிறது என்று ஒரு தலித் இளைஞன் கேட்டால் ‘நன்றாக ஆடு’ என்பதா பதில்? அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோது ராதாகிருஷ்ணனின் இதே நூலுடன் மோதினார். இந்துக்களாக இத்தனை காலம் பிழைத்திருக்கிறோம் என்ற பெருமை போதாது, எப்படிப்பட்ட நிலையில் பிழைத்திருக்கிறோம் என்பதே கேள்வி என்பது அவர் வாதம். என் ஓட்டு இதில் அம்பேத்கருக்கே.

சரி, மாற்ற முடியாத துக்கத்துக்கு என்ன செய்வது? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்து பாருங்கள். தோளில் பூக்காவடியோடு ஏறுகிறவரை யாரும் நிறுத்தி, என்ன வேண்டுதல் என்று விசாரிப்பதில்லை. ‘அரோகரா’ என்று வழிவிடுகிறார்கள். அவருடைய பாரத்துக்கு அவர் வைத்த அர்த்தம் அவருடையது. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951இல் ஒரு தனி நூலாக வலியுறுத்தியதும் கிட்டத்தட்ட இதைத்தான்: வந்தவரை எடைபோடாதே, நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள், வழியை அவரே கண்டுபிடிப்பார். மலையில் இது நமக்கு இயல்பாக வருகிறது. இறங்கி வீட்டுக்கு வந்ததும் மார்க் குறைந்த பிள்ளையிடம் காணாமல் போய்விடுகிறது.

மலைக்கு வெளியிலும் இது முடியும். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘ஸ்நேகா’வில், தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களிடம் பேசுவது பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்கள் புத்தி சொல்வதில்லை, கேட்கிறார்கள். அடுத்து துக்கம் கேட்கப் போகும் வீட்டில் நீங்களும் காரணம் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.